பதினைந்து கிலோவுக்குள் ஒரு கடல்

சூளகிரி நிறுத்தத்தில் பஸ் ஏறிய சுகுணா, ஒரு கால் படியிலும் ஒரு கால் உள்ளேயுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

நடுவழியில் அது கிடந்தது. ஆறடிக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம். பழைய வெள்ளை வேட்டியால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு கயிறு... இடுப்பில் ஒரு கயிறு... கால்மாட்டில் ஒரு கயிறு.

சிரிக்காதீர்கள் கண்ணுகளா, காலை ஏழு மணிக்கு, ஆனி மாதத்துச் சாரலில், அரை இருட்டான பஸ்ஸில் நீங்கள் பார்த்திருந்தாலும் அதையேதான் நினைத்திருப்பீர்கள்.

"உள்ள போம்மா, பின்னாடி நனையறோம்ல!" என்று யாரோ தள்ளினார்கள். சுகுணா பாவாடை அதன்மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய், பெண்கள் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த வெள்ளை மூட்டையின் கால்மாடு சரியாக அவள் காலருகே வந்து முடிந்தது.

பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒருவன் நின்றான். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்த சிவந்த கண்கள். மூட்டையை விட்டு அவன் பார்வை நகரவேயில்லை. பாவம், ரொம்ப வேண்டியவர்கள் போல...

மனசு கேட்கவில்லை அவளுக்கு.

"ஏங்க... யாருங்க இது?"

அவன் திரும்பினான். "யாருன்னா?"

"இல்ல... வயசானவங்களா?"

அவனுக்குப் புரியவே இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் முதலில் அவன் கண்கள்தான் சிரித்தன. உதடு அப்படியே இருந்தது.

"வயசு மூணு மாசந்தாங்க ஆகுது."

"ஐயோ! மூணு மாசமாவா வெச்சிக்கினு இருந்தீங்க?"

அவ்வளவுதான்... முன்சீட்டு, பின்சீட்டு எல்லாம் சேர்ந்து சிரித்தது. அவன் குனிந்து தலைமாட்டுக் கயிற்றை அவிழ்த்து வேட்டியை விலக்கினான். வழவழவென்று நீல நிறத்தில், மீன் மூக்கு மாதிரி ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"பலகைங்க. கடல்ல அலை வரும்லா... அது மேல ஏறி நிக்கிற பலகை. நானே ஃபைபர்ல செஞ்சது."

சுகுணாவின் முகம் சிவந்துபோனது. அவமானம் வந்தால் அவளுக்கு வாய் கூடுதலாக வேலை செய்யும்.

"கடலா? ஓசூர்ல எங்கிங்க கடலு? கெலவரப்பள்ளி டேம்லயா ஏறி நிக்கப் போறீங்க?"

"டேம்ல ஏது அலை? அங்க எருமதான் ஏறி நிக்கும்."

பதில் சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் எதிரே லாரி ஒன்று குறுக்கிட, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். பலகை சறுக்கிக்கொண்டு வந்து அவள் காலடியிலிருந்த சாப்பாட்டுப் பையை இடித்தது. தூக்குப் பாத்திரத்தின் மூடி திறந்தது. உள்ளே இருந்த ராகிக் களி உருண்டை துள்ளிக் குதித்து, தடதடவென்று உருண்டு, டிரைவர் சீட்டுக்கு அடியில் போய் மறைந்தது.

"பந்து ஒண்ணு போச்சுங்க!" என்றான் அவன் பதற்றத்தோடு.

"பந்தா? அது என் சோறு!"

"சோறா? உருட்டியா வெப்பாங்க?"

"எந்த ஊருங்க நீங்க? களி தெரியாதா?"

"மணப்பாடு பக்கம்... கடக்கரை. மன்னிச்சிருங்க. நாளைக்கு வாங்கித் தாரேன்."

"களிய கடையில வாங்குவாராம்!" என்று முணுமுணுத்தபடி அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கியது. அந்தக் கோடுகளுக்கு நடுவே அவன் முகமும் தெரிந்தது... அவள் அதைத்தான் பார்க்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தெரிந்திருந்தது.

மறுநாள் அதே பஸ்ஸில், பலகை இல்லாமல், ஒரு இட்லிப் பொட்டலத்தோடு அவன் நின்றான். அவள் வாங்கவில்லை. அடுத்த நாள் பொங்கல். அதையும் வாங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் வெறுங்கையோடு வந்து, "இன்னிக்கு ஒண்ணும் கொண்டாரல. நேத்து வரைக்கும் எல்லாத்தையும் நானே தின்னு எனக்கு வயிறு சரியில்ல" என்றான். சுகுணாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவன் பெயர் பாஸ்கரன். குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு ஃபைபர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, தங்குவது ஓசூரில். அவன் ஷிப்ட் முடிந்து ஏறும் பஸ்ஸும், அவள் வேலைக்குப் போக ஏறும் பஸ்ஸும் ஒன்றாக இருந்தது. அவள் இறங்கும் தொரப்பள்ளிப் பிரிவு வரைக்கும் தினமும் அவர்களுக்கு ஒரு இருபத்தைந்து நிமிஷம் கிடைத்தது.

அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் அவன் கடலைப் பற்றிச் சொன்னான். அவன் ஊர்க் கரைக்கு வந்த கிரேக் என்ற ஆஸ்திரேலியக்காரர், உடைந்த பலகை ஒன்றை விட்டுவிட்டுப் போனதை... அதை ஒட்டவைக்கப் போய் ஃபைபர் வேலை கற்றுக்கொண்டதை... அந்த வேலையே அவனைக் கடல் இல்லாத ஊருக்குக் கொண்டுவந்து விட்டதை. இப்போது அதே கிரேக் பாலித் தீவில் இருக்கிறாராம். டிக்கெட் அனுப்பி, 'வா, பத்து நாள் அலையேறலாம்' என்று கூப்பிட்டிருக்கிறாராம்.

"பத்து நாளு தண்ணியில நிக்கறதுக்கா அவ்ளோ தூரம்?"

"அங்க அலை எப்படித் தெரியுமா வரும்? சுருண்டு... கண்ணாடிக் குழா மாதிரி. அதுக்குள்ள போய் வெளிய வரலாம். அஞ்சு வருசமா கனவு காணுதேங்க."

அப்படிச் சொல்லும்போது அந்தச் சிவந்த கண்களில் தூக்கமே இருக்காது. சுகுணா கடலைப் பார்த்ததில்லை. அவன் கண்களைப் பார்த்தபோது அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தமாதிரி இருந்தது.

"ஆனா ஒரு சிக்கல்" என்றான் ஒருநாள். "ப்ளைட்ல மொத்தம் பதினஞ்சு கிலோதான் விடுவானாம். பலகையே ஆறரை. கூடுனா பலகைய இங்கயே இறக்கி வெச்சிட்டுப் போகணும். பலகை இல்லாம நான் அங்க போய் என்னத்த பண்ண? நேத்து மூட்டை கட்டிப் பாத்தேன்... இருபத்தஞ்சு வருது."

சுகுணா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் இன்னா வேலை செய்யறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ரோசாப்பூ பண்ணைன்னு சொன்னிய."

"பூவ பெட்டியில அடுக்கி சிங்கப்பூருக்கு ப்ளைட்ல ஏத்தற வேலை. நாலு வருசமா பெட்டிக்கு நூறு கிராம் கூடினாலும் பிரிச்சி மறுபடியும் அடுக்கறவ நான். மூட்டைய தூக்கிக்கினு செவ்வாக்கிழமை மத்தியானம் வாங்க."

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பூ வண்டி பெங்களூருக்குப் புறப்பட்ட பிறகு, அவன் தோளில் பலகையும் கையில் ஒரு பெரிய பையுமாக வந்து சேர்ந்தான். பூக்களைத் தரம் பிரித்துக் கட்டும் அந்தத் தகரக் கொட்டகையில் சுகுணாவும் அவள் தோழி சம்பங்கியும்தான் இருந்தார்கள். சம்பங்கி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். வம்பு பேசத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும்.

"வச்சாடே உன் அலைக்காரன்" என்று சம்பங்கி காதைக் கடித்தாள். "ஆளு வந்துட்டாரு, கொஞ்சம் தலைய வாரிக்கறது!"

"சும்மா இரு அக்கா."

சுகுணா மேஜையைத் துடைத்தாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது இன்னா?"

"இஸ்திரிப் பெட்டி."

"அலை மேல நிக்கறவரு சட்டைய தேய்ச்சா போட்டுக்குவாரு?" இஸ்திரிப் பெட்டி ஓரமாகப் போனது. "ஜீன்ஸு மூணு எதுக்கு?"

"வெளிநாடுல்லா... நாலு பேரு பாப்பாங்க."

"நனைஞ்சா ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ கனக்கும். ஒண்ணுகூட வேணாம். ஷூ?"

"ஏர்போட்ல செருப்போட விடுவானோ மாட்டானோன்னு..."

"அப்ப கால்ல போட்டுக்கங்க. கால்ல இருக்கறத யாரும் தராசுல வெக்க மாட்டாங்க. இந்த பாட்டிலு?"

"அம்மா குடுத்த எலுமிச்சங்கா ஊறுகா."

"அது எங்களுக்கு" என்று சம்பங்கி எடுத்து வைத்துக்கொண்டாள்.

"துண்டு நாலு, போர்வை ஒண்ணு, பனியன் ஆறு, கைலி ரெண்டு..." சுகுணா எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பாருங்க. பூப்பெட்டியில பூவைத் தவிர வேற எதுவும் எடை ஏறக்கூடாது. அடியில இருக்கற இலைய உருவிடுவோம். முள்ள எடுத்துடுவோம். உள்ள வெக்கற எந்தப் பொருளுக்கும் ரெண்டு வேலை இருக்கணும். ஒரு வேலை மட்டும் பாக்கற பொருளுக்கு ப்ளைட்ல எடம் கெடையாது."

அவள் பேசிக்கொண்டே வேலையில் இறங்கினாள். பனியன்களைச் சுருட்டிப் பலகையின் மூக்கில் மெத்தை மாதிரி சுற்றினாள். துண்டு ஒன்றை, வாலின் அடியில் மீனுக்கு இருப்பதுபோல் நீட்டியிருந்த துடுப்புக்கு உறையாக்கினாள். "ஒடம்பத் துடைக்க, போத்திக்க, மறைவா துணி மாத்த... எல்லாத்துக்கும் ஒரு கைலி போதும்" என்று இன்னொரு கைலியைத் தூக்கி எறிந்தாள். பூக்கட்டைச் சுற்றுகிற அட்டையை வளைத்து ஓரங்களுக்குக் கொடுத்தாள். மொத்தத்தையும் வேட்டியால் சுற்றி, பூக்கட்டுக்குப் போடும் முடிச்சையே போட்டாள்.

பாஸ்கரன் பலகையைப் பார்க்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனிகளில் சின்னச் சின்னக் கீறல்கள்... சில பழசு, சில நேற்றையது.

"முள்ளா?"

"பழகிடுச்சி." அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஏன் மறைக்கீங்க? என் கையப் பாருங்க." அவன் உள்ளங்கையை விரித்தான். ஃபைபர் தூள் அரித்து அரித்துத் தடித்த தோல். "ரெண்டையும் சேத்து வெச்சா எது சொரசொரப்புன்னு தெரியும்."

"பேசறதப் பாரு!" என்றாள் சுகுணா. காது நுனிவரைக்கும் சூடு ஏறியது. பேச்சை மாற்றுவதற்காகப் பையின் அடியில் கையை விட்டாள்... ஏதோ தட்டையாகத் தட்டுப்பட்டது.

இழுத்துப் பார்த்தாள். பச்சை நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் ஃபைல்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். ஐ.டி.ஐ. சான்றிதழ். சாதிச் சான்றிதழ். பள்ளியில் கொடுத்த நன்னடத்தைச் சான்று. எல்லாம் ஒரிஜினல், லேமினேட் செய்தவை. ஒன்றுகூட நகல் இல்லை.

அவள் கை அப்படியே நின்றது.

பத்து நாள் குளித்துவிட்டு வருகிறவன் ஒரிஜினலை எதற்கு எடுத்துப் போகிறான்? போனவருஷம் சம்பங்கியின் தம்பி துபாய்க்குப் போனானே... இதே மாதிரி ஒரு ஃபைல்தான் கொண்டுபோனான். இன்னும் வரவில்லை. திரும்பி வருகிறவன் லேசாகப் போவான். திரும்பாதவன்தான் தன்னை முழுக்கக் கட்டி எடுத்துப் போவான்...

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. ஆனால் நான் யார் கேட்பதற்கு? பஸ்ஸில் பக்கத்தில் நின்றவள்... அவ்வளவுதானே?

"இது கனந்தான், ஆனா முக்கியம்" என்றாள். குரல் மாறியிருந்தது. "இது இருக்கட்டும்."

ஃபைலை அவளே பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். தராசில் வைத்தாள். பதினாலு கிலோ எண்ணூறு.

"சனிக்கிழமை கடைசியா ஒரு தடவை எடை பாத்துக்கலாம்" என்றவள், அவன் "சுகுணா" என்று கூப்பிட்டது காதில் விழாதமாதிரி பூ வைக்கும் குளிர் அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் ஆறரை மணி பஸ்ஸுக்கு மாறிக்கொண்டாள். அவனுடைய மிஸ்டு கால்கள் போனில் வரிசையாக நின்றன. ஒன்பது... பதினொன்று...

வீட்டில் அப்பா முனிவேல் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியபடி கேட்டார். "ஏன் சாமி, கிருஷ்ணகிரிக்காரங்க ஞாயித்துக்கிழமை உன்ன பொண்ணு பாக்க வர்றேன்றாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள பேசி முடிச்சிடலாம்னு அவங்களுக்கு அவசரம். ஆனா உன் இஷ்டம்தான். நீ வேணாம்னா வேணாம்."

இதே கேள்வியை ஒரு வாரமாகக் கேட்கிறார். ஒரு வாரமாக அவள் "சொல்றேன்பா" என்று தள்ளிக்கொண்டிருந்தாள். யாருக்காகத் தள்ளினோம் என்று நினைக்க இப்போது கோபம் கோபமாக வந்தது.

"வரச் சொல்லுங்கப்பா" என்றாள்.

அம்மா வெள்ளையம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நெசமாவா கண்ணு? மூஞ்சிய ஏன் இப்டி வெச்சிருக்கற?"

"தலை வலிம்மா."

அன்றைக்கு வலித்தது தலை இல்லை. அது அந்த அம்மாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எங்கே வலிக்கிறது என்று பெண்ணாகச் சொல்லாமல் எந்த அம்மாவால் மருந்து போட முடியும்?

சனிக்கிழமை மத்தியானம் கொட்டகையின் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவன் வந்து நின்றான். தலை முழுக்க நனைந்து, பலகை மட்டும் நனையாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றி.

"எத்தனையோ தடவ கூப்பிட்டேன். எடுக்கவேயில்ல" என்றான். அவள் தராசைத் துடைப்பதைப் பார்த்தபடி அவனே தொடர்ந்தான். "ஏழு மணி பஸ்ல உங்க எடத்துல தினமும் ஒரு மீசைக்காரர் உக்காருதாரு. அவரப் பாத்தா எனக்குப் பேச்சே வரல."

வழக்கமாக இருந்திருந்தால் சிரித்திருப்பாள். "தராசுல வைங்க" என்றாள்.

வைத்தான். முள் நடுங்கி நின்றது.

பதினைந்து கிலோ முந்நூறு.

"எப்டி? அன்னிக்கி பதினாலு எண்ணூறு இருந்துதே!"

பாஸ்கரன் தலையைச் சொறிந்தான். "வியாழக்கிழமை பலகை கீழ விழுந்து வால்ல கீறல் விட்டுருச்சு. மேல ஒரு பூச்சு ஃபைபர் போட்டேன்... அது அரைக் கிலோ பிடிக்கும்னு நினைக்கல."

அரைக் கிலோ. அதற்குள் அவள் கைகள் தாமாகவே வேலையில் இறங்கிவிட்டன. முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பனியனை எடுக்கலாமா? மூக்கு அடிபடும். துண்டு? துடுப்பு உடையும். மெழுகு? அதைப் பூசாவிட்டால் பலகையில் கால் வழுக்கும். பையில் ஒரு டவுசர், ஒரு சட்டை, பாஸ்போர்ட், பல்துலக்கி. எல்லாமே ஏற்கனவே உருவியாகிவிட்டது. இன்னும் உருவ என்ன இருக்கிறது...

இருந்தது. பச்சையாக.

"எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் தராசைப் பார்த்தபடி. "அந்த ஃபைல் ஒண்ணுதான்... அது முக்கா கிலோ வரும். ஆனா அத நீங்க எடுக்க மாட்டீங்களே."

"ஏன் எடுக்க மாட்டேன்?"

"அங்கயே இருந்துடப் போறவருக்கு அதானே முக்கியம்!"

சொல்லிவிட்டாள். நாலு நாளாக உள்ளே கிடந்து குத்தியது வெளியே விழுந்துவிட்டது. வாசலில் நின்ற சம்பங்கி, மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்பதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

பாஸ்கரன் நெற்றியில் வழிந்த மழைநீரைத் துடைத்தான்.

"அதுக்கா... அதுக்கா நாலு நாளா பேசல?"

"நான் எதுக்குங்க பேசணும்? போறவங்கள நிறுத்தி வெக்கறதுக்கு நான் யாரு?"

"சுகுணா, கொஞ்சம் கேளுங்க. நான் காண்ட்ராக்ட் ஆளு. எந்த கம்பெனி கேட்ல, எந்த நேரம் 'ஒரிஜினல் இருக்கா, உள்ள வா'ன்னு கூப்பிடுவான்னு தெரியாது. ஒருக்க ரூம்ல விட்டுட்டுப் போய், நிரந்தர வேலையே கைவிட்டுப் போச்சு. அதுலருந்து இந்த ஃபைலு இல்லாம நான் வெளிய போனதே கிடையாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் இது வரும். சினிமாவுக்குப் போனாலும் வரும். எங்க ரூம்ல அஞ்சு பேரு, அஞ்சு பேரும் அப்படித்தான். பையில என்ன வெக்கேன்னு யோசிச்சா வெச்சேன்? கை தன்னால வெச்சிருச்சு."

அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். கண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால்... முழுசாகவும் சொல்லவில்லை.

"அவ்ளோதானா?"

அவன் பலகைக்குச் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளை மடித்து வைத்தான்.

"இல்ல" என்றான் மெதுவாக. "உங்ககிட்ட மறைக்க முடியல. கிரேக்குக்கு அங்க பலகை ரிப்பேர் பண்ணுத பட்டறை இருக்கு. 'பிடிச்சா இங்கயே இருந்திரு, வேலை தாரேன்'னு எழுதியிருந்தாரு. போன மாசம் வரைக்கும் எனக்கும் அந்த நெனப்பு இருந்துச்சு. தினமும் வாசல்ல கடலு, கையில பலகை... வேற என்ன வேணும்னுதான் நினைச்சேன்."

"நல்ல வேலைதானே" என்றாள் சுகுணா.  அவிழ்த்த கயிற்றை எடுத்து மறுபடியும் முடிச்சுப் போட்டாள். "விடாதீங்க. எனக்காகன்னு ஒண்ணும் வேணாம். நாளைக்கி என்னைய பொண்ணு பாக்க வர்றாங்க. வரச் சொல்லிட்டேன்."

அவன் முகத்தில் அலை ஒன்று வந்து அடித்த மாதிரி இருந்தது. தடுமாறினான். ஆனால் அவன் அலையில் நிற்கப் பழகினவன் அல்லவா... நின்றுவிட்டான்.

குனிந்து பையைத் திறந்தான். பச்சை ஃபைலை எடுத்தான். இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினான்.

"இத வெச்சிக்கிடுங்க."

"எனக்கு எதுக்கு?"

"இது இல்லாம என்னால எந்த ஊர்லயும் எந்தக் கேட்லயும் நுழைய முடியாது. என் அப்பாகிட்ட கூட இதக் குடுத்து வெச்சதில்ல. உங்ககிட்ட குடுக்கேன். உங்களுக்காக வேலைய விடல சுகுணா... எனக்காக விடுதேன். தினமும் கடல் வேணும்னு நெனச்சவன், இந்த ஒரு மாசமா காலையில ஏழு மணி எப்ப வரும்னு காத்துக் கெடக்கேன். வருசத்துக்குப் பத்து நாளு அலை எனக்குப் போதும். மிச்ச நாளு பூரா... உங்க பக்கத்துல நிக்கணும். உக்கார எடம் கிடைக்கலைன்னாலும் பரவால்ல."

தராசின் முள் ஆடி ஆடி இறங்கி, பதினாலு கிலோ அறுநூறில் நின்றது. அதை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. சம்பங்கிதான் பார்த்தாள்.

"எடை சரியா இருக்குதுங்கோ!" என்று கத்தினாள். "இனிமே ஆக வேண்டியதப் பாருங்க!"

சுகுணா ஃபைலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது... விழவிடாமல் மேலே பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, மேஜை மேலிருந்த போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

"யாருக்கு?" என்றான் அவன்.

அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

அப்பா முனிவேல் தோட்டத்தில் நின்று கத்திப் பேசிப் பழகியவர். அந்தப் போனில் அவர் குரல் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்.

"சொல்லு சாமி!"

"அப்பா... நாளைக்கி அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏம்மா? நீதானே வரச் சொன்ன?"

"கோவத்துல சொல்லிட்டேன்பா." ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்குதுப்பா. பேரு பாஸ்கரன். தெக்கத்திக்காரரு. ஃபைபர் கம்பெனியில வேலை. திங்கக்கிழமை ப்ளைட் ஏறி வெளிநாடு போறாரு. பத்து நாள்ல வந்துடுவாரு. வந்ததும் உங்களப் பாக்க வருவாரு."

அந்தப் பக்கம் மோட்டார் தண்ணீர் கொட்டும் ஓசை மட்டும் கேட்டது. 

"வெளிநாட்டுல இன்னா வேலை?" என்றது குரல்.

"வேலை இல்லப்பா. கடல்ல அலை மேல ஏறி நிக்கறதுக்கு."

"அதுக்காவா போறாரு?"

"ஆமாப்பா. ஆசை."

மறுபடியும் மோட்டார் சத்தம். மறுபடியும் மழை.

"ஆசைக்குப் போயிட்டு வீட்டுக்குத் திரும்பி வர்றவனா இருந்தா சரிதான்" என்றார் முனிவேல், ஒவ்வொரு சொல்லாக யோசித்து. "ஆனா ஆடி பொறந்துடுமே சாமி. ஆடியில பேச்சு எடுக்க முடியாதே."

"ஆவணி வரைக்கும் பொறுத்துக்கறேன்பா."

"நீ பொறுத்துக்குவ... அந்தப் பையன்?"

சுகுணா அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான்.

"அவரும்தான்பா."

"பக்கத்துலதான் இருக்கறானா!" என்று அப்பா சிரித்த சிரிப்பு கொட்டகை முழுக்கக் கேட்டது. "அவங்கிட்ட சொல்லு. தண்ணியில பாத்து எறங்கச் சொல்லு. முழுசா வரச் சொல்லு. மத்தத நேர்ல பேசிக்கலாம். உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

போன் அணைந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு பலகை, ஒரு தராசு. யாரும் நகரவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள் அவள், பார்வையைத் தரையில் போட்டபடி.

"கேட்டுச்சு."

"இன்னா கேட்டுது?"

"ஆவணி வரைக்கும் பொறுக்கணும்னு."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னேன்."

"அதுவும் கேட்டுச்சு. ஆனா அது அப்பாகிட்டல்லா சொன்னிய..." அவன் குரல் இறங்கியது. அந்தக் கண்கள் மறுபடி முதலில் சிரித்தன. "எங்கிட்ட சொல்லல."

சுகுணா ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பச்சை பிளாஸ்டிக்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. மழை இன்னும் பலமாகக் கூரையைத் தட்டியது. அவன் மேஜையைச் சுற்றி வந்து, ஓரடி தள்ளி நின்று, தலையைக் குனிந்து காதைக் கொடுத்தான்.

அவள் சொன்னாள்.

"ஏமி செப்பினாவே? எனக்குக் கேக்கலையே!" என்று வாசலிலிருந்து கத்தினாள் சம்பங்கி.